இன்றைக்கு ஜன்னலைத் திறக்கலாம், ராத்தா

எதிர்வீட்டுக்காரியாக அறிமுகமாகி, கூடப்பிறந்த அக்காவாகவே ஆகிப்போன என் ஜெய்னம்பு ராத்தாவுக்கு,

முதலில் இன்றைய வானிலை அறிக்கையைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு. வானம் பொதுவாகத் தெளிவு, அவ்வப்போது கொஞ்சம் மேகம். உள்பகுதிகளில் விடியற்காலை மூடுபனி. வடமேற்கிலிருந்து மெல்லிய காற்று. கடல் அமைதி.

அவ்வளவுதான். நேற்றும் இதைத்தான் சொன்னார்கள். நாளைக்கும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். நீங்கள் இருந்திருந்தால் இந்தச் சின்ன அறிக்கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசியிருப்பீர்கள். "நேத்தும் அமைதின்னாஹ, இன்னைக்கும் அமைதிங்கிறாஹ. ஆனா காத்து பக்கம் மாறிக் கெடக்கு, பாத்தியா புள்ள?" என்று வாசலில் நின்று கேட்டிருப்பீர்கள். நான் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, "ராத்தா, ஆபீஸுக்கு நேரமாச்சு, சாயங்காலம் சொல்லுங்க" என்று கெஞ்சியிருப்பேன்.

இப்போது என்னை யாரும் நிறுத்திவைப்பதில்லை. துபாய் ஆபீஸுக்குப் போகிற வண்டியில் தினமும் நான்தான் முதல் ஆளாக ஏறி உட்காருகிறேன். சீக்கிரம் போய் என்ன செய்யப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

இது உங்கள் மாதம். அஜ்மான் தெருக்களெல்லாம் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி இருக்கின்றன. காலை வெயில் சுவரில் சாய்ந்து நிற்கிறது, யாரையும் அடிக்கவில்லை. கீழே டீக்கடைக்காரர் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார். கோடை முழுக்க ஓடி ஓடி நடந்தவர்கள் இப்போது நின்று பேசுகிறார்கள். நீங்கள் இருக்கிற இடத்தில் பருவங்கள் உண்டா ராத்தா? காற்று பக்கம் மாறினால் அங்கே யாரிடம் சொல்வீர்கள்?

திருச்சியிலிருந்து கல்யாணமாகி நான் இந்தக் கட்டடத்துக்கு வந்தது நல்ல கோடையில். இந்த ஊரில் ஜன்னல் என்பது திறப்பதற்கில்லை, கண்ணாடிக்குப் பின்னால் நின்று வெயிலை வேடிக்கை பார்ப்பதற்கு என்றே நினைத்துக்கொண்டேன். ஏசியின் இரைச்சலுக்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, அழுது, தூங்கினேன். அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை கதவு தட்டப்பட்டது. தலையில் முக்காடும் கையில் ஒரு தட்டு தொதல் அல்வாவுமாக நீங்கள் நின்றீர்கள்.

"என்னா புள்ள, இன்னுமா ஏசி ஓடுது? ரேடியோ கேக்கலையா? ஈரப்பதம் எறங்கிருச்சுன்னு சொல்லிட்டாஹளே. அணை, அணை."

நான் அணைப்பதற்குள் நீங்களே உள்ளே வந்து அணைத்துவிட்டீர்கள். இத்தனை மாதம் ஒரு சத்தத்துக்குள் வாழ்ந்திருக்கிறேன் என்பது அது நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஜன்னலைத் தள்ளினீர்கள். உப்பு வாசனையோடு காற்று வந்தது. யாரோ வெங்காயம் வதக்கினார்கள். எங்கோ ஒரு குழந்தை சைக்கிள் மணியை விடாமல் அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் தொதலைப் பிட்டு என் வாயில் வைத்தீர்கள்.

அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரர் சாகுல், கீழே இருக்கிற தன் குரோசரிக் கடையிலிருந்து மேலே வந்தபோது, "காக்காட்ட சொல்லிட்டேன், உனக்கு வேண்டியத கடையில எடுத்துக்க" என்றீர்கள். உங்கள் ஊர் கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் ஜன்னலுக்கு வெளியே பறவையைத் தேடினேன். நீங்களும் அவரும் சிரித்த சிரிப்பில் உங்கள் மகள் ஷிஃபா பாடப் புத்தகத்தோடு ஓடிவந்து, "வாட் ஹேப்பன்ட்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் அவளுக்குச் சாச்சி ஆனேன். உங்கள் தங்கச்சி என்றால் அவளுக்குச் சாச்சிதானே?

கோடையில் நீங்கள் வானிலை பேசியதே இல்லை. "வெயிலுக்கு என்னா சேதி? அது பாட்டுக்கு ஈக்கிது" என்று ஒதுக்கிவிடுவீர்கள். சூடு தணியத் தொடங்கியதும்தான் உங்கள் வேலை ஆரம்பிக்கும். அரபி ரேடியோவில் ஒரு தடவை கேட்பீர்கள். போனில் ஒரு தடவை பார்ப்பீர்கள். கடைசியாக ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மாவு பதம் பார்ப்பதுபோல விரல்களை உரசிப் பார்ப்பீர்கள். எல்லாம் ஒத்துப்போனால் அன்று உங்களுக்குப் பெருநாள். ஏன் ராத்தா இவ்வளவு பாடு என்று ஒரு தடவை கேட்டேன்.

"வருஷம் பூரா இந்த ஊரு நம்மள வீட்டுக்குள்ள போட்டு அடைக்கிது. இந்தக் கொஞ்ச நாளுதான் வெளிய வான்னு கூப்புடுது. கூப்புடுறது காதுல விழ வேணாமா?"

பிறகு இருமல் வந்தது. தூசி என்றோம், ஏசி என்றோம். நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, அதைத் திருப்ப முடியாது என்று டாக்டர் சொன்ன நாளில் காக்கா கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. அதன் குழாய் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை எட்டியது, சமையலறைக்கு எட்டவில்லை. "பாத்தியா, அல்லாஹ் எனக்கு எது முக்கியம்னு தெரிஞ்சு அளந்திருக்கான்" என்றீர்கள். அந்தக் கோடை முழுவதும் மூடிய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். வெளியே போகக்கூடாது, விமானம் ஏறவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு.

அந்த நேரத்தில்தான் ஷிஃபாவுக்கு அன்வர் அமைந்தார். அவரும் கீழக்கரைதான், தோஹா தொழில்பேட்டையில் ஒரு பட்டறையில் மேலாளர். பையன் நல்ல குணம், எல்லோருக்கும் சம்மதம். ஆனால் நிக்காஹ் எங்கே? ஊரிலிருந்து உங்கள் தங்கை மைமூன் போன் செய்ததை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள்.

"ஊரு உறவெல்லாம் இங்க ஈக்கிது ராத்தா. பொண்ணுக்கு வீடு இங்க கட்டி வச்சிருக்கு. நீங்க வீடியோல பாருங்க, எல்லாத்தையும் காட்டுறேன். ஒரு குறையும் வைக்க மாட்டேன்."

"நீ சொல்றது சரிதான் மைமூன்" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஷிஃபாதான் போனைப் பிடுங்கினாள்.

"சாச்சி, எங்க உம்மாவ நான் ஸ்க்ரீன்ல பாக்கணுமா, என் நிக்காஹ் அன்னைக்கு? ஐ வோன்ட். அப்படின்னா எனக்கு நிக்காஹே வேணாம். கலாஸ், அவ்வளவுதான்."

மறுமுனையில் மைமூன் அழுதார்கள். இங்கே நீங்கள் குழாயைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தீர்கள். பிறகு மெதுவாக, "சூடு எறங்கட்டும்" என்றீர்கள். "சூடு எறங்குன பொறகு இங்கயே வப்போம். ஆனா ஹாலு வேணாம். நான் வானத்துக்குக் கீழ ஒக்காந்து பாக்கணும்."

காக்கா அன்றிரவு சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஏசி போட்ட ஒரு ஹாலை அவர் மனதில் வைத்திருந்தார். திறந்தவெளியில் தூசி கிளம்பினால்? மூடுபனி இறங்கினால்? உங்களுக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரி எத்தனை தூரம்? "நீங்க சொல்றதெல்லாம் நடக்கலாம். ஆனா ஹாலுக்குள்ள நான் ஏற்கனவே ஈக்கிறேனே" என்று மட்டும் சொன்னீர்கள். கிழக்கே மலையோரத்து ஊரான தைத் பக்கம் பேரீச்சை மரங்களுக்கு நடுவே ஒரு ஃபார்ம் ஹவுஸை அவரே போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நம் இரண்டு வீட்டிலும் வானிலை அறிக்கைதான் பேச்சு. ஈரப்பதம் ஒரு நாள் இறங்கும், மறுநாள் ஏறும். இறங்கிய நாளில் உங்கள் உதட்டில் நிறம் இருக்கும். ஏறிய நாளில் நீங்கள் பேசவே மாட்டீர்கள், கையால் சொல்வீர்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லாத அந்த அறிக்கைகள் எங்களுக்கு உங்கள் உடம்பைப் பற்றிய செய்தியாகிவிட்டன. 'லேசான காற்று' என்று வாசித்தால் காக்கா நிம்மதியாக டீ குடிப்பார். 'அவ்வப்போது வேகமாக வீசும், தூசி கிளம்பலாம்' என்றால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

நிக்காஹுக்கு முந்தைய நாள் புதிதாக ஒரு வரி வந்தது: கிழக்கே மலையோரப் பகுதிகளில் பிற்பகலில் மேகங்கள் திரளக்கூடும், மழைக்கு வாய்ப்பு.

"மழையா? இந்த ஊர்லயா?" என்று காக்கா தலையில் கை வைத்தார். "இப்பவே ஹாலுக்குச் சொல்லிருவோம் வசந்தி. நீ சொன்னா அவ கேப்பா."

நான் உங்களிடம் வந்தேன். நீங்கள் அந்த வரியை என்னைத் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். "கூடும்னுதானே சொல்லி ஈக்கிறாஹ" என்றீர்கள். அந்தக் குரலில் ஆசை இருந்தது. அதைக் கேட்ட பிறகு ஹாலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாளை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன்! காலையில் மூடுபனி. சாலையில் வண்டிகள் விளக்கை எரியவிட்டு நீருக்கடியில் போவதுபோல ஊர்ந்தன. கையில் தூக்குகிற சின்ன ஆக்சிஜன் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைப் பட்டுச் சேலையில் நீங்கள் பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தீர்கள். மணல்மேடுகள் பனிக்குள் தெரிந்தும் மறைந்தும் வந்தன. ஒட்டகங்கள் கால் இல்லாமல் மிதந்தன. "நான் முழிச்சிக்கிட்டுத்தானே ஈக்கிறேன்?" என்று என் கையைக் கிள்ளினீர்கள். உங்கள் கையைக் கிள்ளிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். "வலிக்குமே" என்றீர்கள்.

தைத் போய்ச் சேர்வதற்குள் பனி விலகிவிட்டது. மரத்தடியில் உங்களுக்கு நாற்காலி போட்டோம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே வெள்ளைத் துணியில் திரை கட்டியிருந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் அமர்ந்தபோது, மலைப் பக்கம் கருநீலமாக ஒரு மேகம் எழுந்து நின்றது. காக்கா அதைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். மைக்கில் நிக்காஹ் ஓதத் தொடங்கினார்கள். பக்கத்தில் ஷிஃபா உங்கள் முழங்காலைப் பற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்வர் "கபூல் செய்தேன்" என்று சொன்ன குரல் திரைக்கு இந்தப் பக்கம் வந்ததும் நீங்கள் குனிந்து அவள் உச்சியில் முத்தமிட்டீர்கள். துஆ ஓதி முடியவும் காற்று கிளம்பவும் சரியாக இருந்தது. திரை அறுந்து பறந்து போய்ப் பேரீச்சை மரத்தில் மாட்டிக்கொண்டது. பெரிய பெரிய துளிகளாக மழை விழுந்தது.

எல்லோரும் ஓடினார்கள். ஒருவர் கம்பளத்தைச் சுருட்டினார், ஒருவர் பிரியாணிச் சட்டியைத் தூக்கினார், புதுமாப்பிள்ளை தன் மாமியாரைத் தேடி ஓடிவந்தார். "உம்மாவ உள்ள கொண்டு போங்க!" என்று ஷிஃபா அலறினாள். நான் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"விடு புள்ள. கொஞ்சம் விடு."

"ராத்தா, மெஷின் நனையும்!"

எங்கிருந்தோ காக்கா வந்தார். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, உங்களுக்கு அல்ல, அந்த மெஷினுக்குக் குடை பிடித்தார். தட்டில் மழை கொட்டி மேளம் மாதிரி அடித்தது. அவர் சட்டை ஒட்டிப்போய், தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, "போதுமா ஜெய்னம்பு? போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தீர்கள். தூசியெல்லாம் அடங்கி, மண் வாசனை ஏறி, காற்று கழுவிவிட்டதுபோல இருந்தது. இருமல் வரும் வரும் என்று நாங்கள் பயந்துகொண்டே நின்றோம். வரவில்லை. நீங்கள் ஒரு மூச்சு இழுத்தீர்கள், பல மாதங்களாக நான் பார்க்காத நீண்ட மூச்சு. அதை விடுவதற்கே மனமில்லாதவர்போல வைத்திருந்து, மெல்ல விட்டீர்கள்.

"போதும்" என்றீர்கள் பிறகு. "சோத்தப் போடுங்க, ஆறப்போவுது."

மழை அதற்குள் நின்றேவிட்டது. ஈரக் கம்பளத்தில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அப்படி ஒரு பிரியாணியை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

சில வாரங்கள் கழித்து, குளிர் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். அன்றைய வானிலை அறிக்கையை நான் பார்க்கவில்லை. இன்றுவரை தேடிப் பார்க்கவும் இல்லை. ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லியிருந்தீர்கள். "பொட்டியில போட்டு பிளேன்ல ஏத்துவாஹ. அதத்தானே டாக்டர் கூடாதுன்னாரு?" என்று சிரித்தீர்கள். ஆண்கள் உங்களை எடுத்துக்கொண்டு போனபோது நானும் ஷிஃபாவும் உங்கள் ஜன்னலோரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இனி நடப்புச் செய்தி, ராத்தா. இதைச் சொல்லத்தான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

ஷிஃபா தோஹாவுக்குப் போனாள். காக்கா கடையைக் கைமாற்றிவிட்டு, விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவதாக இருந்தார். "இங்க எனக்கு யாரு ஈக்கிறா?" என்பார். போகிறேன் போகிறேன் என்பார், ஆனால் போகமாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் உங்களைப் பார்க்க மையவாடிக்குப் போய்விட்டு வருவார். அப்புறம் ஷிஃபா உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. பிரசவம் எங்கே என்று மறுபடி அதே பேச்சு. உம்மா இல்லாத வீட்டில் யார் பார்ப்பது, ஊருக்கு வரட்டும் என்றார்கள் எல்லோரும். நியாயம்தான். ஒரு நாள் ஷிஃபா எனக்குப் போன் செய்தாள்.

"சாச்சி, எனக்கு உம்மா ஜன்னல்கிட்ட இருக்கணும் போல இருக்கு. வாப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க... கேன் ஐ கம்?"

"உன் வீட்டுக்கு வர என்னடி என்கிட்ட கேக்குற?" என்றேன். போனை வைத்த பிறகு பயம் வந்தது. எனக்கே குழந்தை இல்லை, எனக்கு என்ன தெரியும் ராத்தா?

நேராக மைமூனுக்குத்தான் போன் செய்தேன். கோபிப்பார்கள் என்று பயந்தேன். "வெந்தயம் வீட்டுல ஈக்கிதா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து தினமும் வீடியோவில் வந்து எனக்குப் பேறுகால மருந்து கிண்டச் சொல்லிக்கொடுத்தார்கள். "வசந்தி, அடி புடிக்கிது! எனக்கு இங்க வரைக்கும் தீயிற வாசம் வருது!" என்று அதட்டினார்கள். முதல் தடவை கருக்கிவிட்டேன். அடுத்த தடவை காக்கா ருசி பார்த்துவிட்டுச் சமையலறையை விட்டுப் போய்விட்டார். பின்னால் போய்ப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவ கைப்பக்குவம்" என்றார்.

முந்தாநாள் இங்கே அஜ்மான் ஆஸ்பத்திரியில் ஷிஃபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். மூக்கு அன்வர் மாதிரி, பிடிவாதம் யார் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெயரையே வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னோம். ஷிஃபா ஒப்புக்கொள்ளவில்லை. "உம்மா பேர வச்சா நான் எப்படி இவளத் திட்டுவேன்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் காக்கா வாய்விட்டுச் சிரித்தார். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விசா கேன்சல் பேச்சு இப்போது எழுவதில்லை.

மதியம் காக்கா இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்து வருகிறார். உங்கள் அறையைத் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, ஏசியை அணைத்துவிட்டேன். அன்வர் லீவு கிடைத்ததும் தோஹாவிலிருந்து வருகிறார். மைமூனுக்கும் விசிட் விசா எடுத்தாகிவிட்டது. வந்ததும் என்னைத்தான் முதலில் திட்டுவார்கள். அதுவும் வேண்டியதுதான்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் ராத்தா. நாங்களும் என்றைக்காவது இந்த ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியவர்கள்தான், இங்கே யாரும் நிரந்தரமில்லை. ஆனால் நான் அஜ்மானில் இருந்தாலும் திருச்சியில் இருந்தாலும், ஷிஃபா பிள்ளையோடு வந்து இறங்க, புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்து கதவைச் சாத்திக்கொள்ள, ஒன்றுமில்லாமல் சும்மா வந்து தூங்க, அவளுக்கு ஓர் உம்மா வீடு இருக்கும். உம்மா இல்லாத பொண்ணு என்று அவளை யாரும் சொல்ல விடமாட்டேன்.

இதோ, காக்கா கீழிருந்து ஹாரன் அடிக்கிறார். போய்ப் பிள்ளையை வாங்க வேண்டும்.

உங்கள் தங்கச்சி,
ஷிஃபாவின் சாச்சி,
வசந்தி